சுதேசிச் சிப்பில் லினக்ஸ்: எது ஓடியது, எது ஓட வேண்டும்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது, ராயபுரத்துக் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களிலும், திருவொற்றியூர் லாரி புக்கிங் ஆபீஸ்களிலும், எண்ணூர்ப் பட்டறைகளிலும் பழைய கணினிகளைக் கொண்டே காலம் தள்ளிவரும் வாசகர்களைக் கலக்கியிருக்கிறது என்பது, வந்து குவியும் கடிதங்களிலிருந்து தெரிகிறது. அவற்றுள் பலவும் ஒரே வினாவில் வந்து முடிகின்றன: ஐ.ஐ.டி.யில் சொந்தமாகச் சிப் செய்து லினக்ஸையும் ஓட்டிவிட்டார்களாமே, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், அதையே வாங்கிவிடலாமா?

கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் போய்க் கேட்டு ஏமாறவேண்டாம். ஆபீஸ் மேஜையில் வைக்கத்தக்க அத்தகைய கணினி அங்கே விற்பனைக்கு இல்லை. ஏன் இல்லை என்பதே விளக்கத்துக்குரிய விஷயம்.

'லினக்ஸ் ஓடியது' என்றால் என்ன?

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு வடிவமைத்த 'சக்தி' பிராசஸரில் லினக்ஸ் பூட் ஆனது என்ற செய்தி 2018 ஜூலையில் சுதேசிச் சாதனையாகப் பிரஸ்தாபிக்கப்பட்டது. சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தச் சிப்பு வார்க்கப்பட்டது அமெரிக்காவில், ஆரிகன் மாகாணத்து இன்டெல் ஆலையில். அதன் ஆணைத்தொகுதியான ரிஸ்க்-ஃபைவ், 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்து எவரும் கட்டணமின்றிக் கையாளும்படி உலகுக்கு விடப்பட்டது.

சிப்புக்கு லினக்ஸ் 'ஆதரவு' உண்டு என்ற சொல்லையும் நிறுத்தே வாங்கவேண்டும். 2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15 பதிப்பிலேயே ரிஸ்க்-ஃபைவ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் இன்டரப்ட் கன்ட்ரோலருக்கும் கடிகாரத்துக்கும் உரிய டிரைவர்கள் உடன் வராமையால், அப்பதிப்பை அப்படியே எடுத்து போர்டில் பூட் செய்ய இயலவில்லை. அவை அக்டோபரில் வெளியான 4.19-இல்தான் வந்துசேர்ந்தன. ஆகவே ஜூலையில் ஓடியது, லினக்ஸின் பொதுப் பிரதியில் அதுவரை சேராத ஒட்டுகளைத் தாங்கிய தனிப் பிரதியாகவே இருந்திருக்க வேண்டும். தனிப் பிரதி ஒருநாள் ஓடும்; அடுத்த பாதுகாப்புத் திருத்தம் வரும்போது அதை யார் இணைப்பார் என்பதே கேள்வி.

புதிய சிப்பில் என்னென்ன உண்டு என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்கு யார் சொல்வது?

மேஜைக் கணினியில் செருகிய பி.சி.ஐ. கார்டு, கேட்டால் தன் அடையாளத்தைத் தானே சொல்லும். சிப்புக்குள்ளேயே பதித்த சீரியல் போர்ட்டுக்கும் கடிகாரத்துக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இன்ன முகவரியில் இன்னது இருக்கிறதென்று எவரேனும் சொன்னாலன்றிக் கெர்னல் அறியாது. எனவே போர்டைச் செய்தவர் எழுதித்தரும் 'டிவைஸ் ட்ரீ' என்னும் பட்டியலை பூட்லோடரானது நினைவகத்தில் வைத்து, அது இருக்குமிடத்தை ரிஸ்க்-ஃபைவின் ஏ1 என்ற ரெஜிஸ்டரில் இட்டுவிட்டுக் கெர்னலைத் தொடங்கிவைக்கிறது. கப்பல் உள்ளே வருமுன் மேனிஃபெஸ்ட் தாக்கல் செய்வதைப் போன்றதுதான் இது. ஆனால் கன்டெய்னரைத் திறந்து பார்க்கும் கஸ்டம்ஸ் அதிகாரி இங்கே இல்லை. எழுதியதைக் கெர்னல் நம்பிவிடுகிறது.

சூட்சுமம், ஒவ்வொரு சாதனத்தின்கீழும் வரும் 'கம்பாட்டிபிள்' என்ற வரியில் இருக்கிறது. தயாரித்தவர் பெயர், ஒரு காற்புள்ளி, சாதனத்தின் பெயர். தேவையானால் அதன் பின்னே நெருங்கிய உறவுள்ள சாதனங்களின் பெயர்கள். சீனாவின் ஸ்டார்ஃபைவ் நிறுவனத்து ஜே.எச்.7110 சிப்பின் சீரியல் போர்ட்டுக்குரிய வரி, முதலில் தன் பெயரைக் கூறி, அடுத்து அமெரிக்காவின் சினாப்சிஸ் விற்கும் வடிவமைப்பின் பெயரைக் கூறுகிறது. முதற்பெயர் தெரியாத கெர்னலுக்கும் இரண்டாவது தெரியும். பழைய டிரைவரே புதிய சிப்பின் சீரியல் போர்ட்டை ஓட்டிவிடும். கூடவே, எந்த உறுப்பு எங்கே வாங்கப்பட்டது என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது. பத்திரிகைக் குறிப்புகளில் காணாத இந்த உண்மையை, பட்டியல் எழுதியவர் நேர்மையாளராக இருக்கும்வரை, எவரும் படித்துக்கொள்ளலாம். அவர் எழுதாமல் விட்டால் கேட்பார் இல்லை என்பதுதான் குறை.

பொதுப் பிரதியில் சேரவேண்டுமானால் தயாரிப்பாளரின் பெயரை அதற்கென உள்ள கோப்பில் பதிவு செய்யவேண்டும்; சந்தைக்குப் போன போர்டுகள் அப்பெயரைச் சுமந்திருப்பதால், பின்னர் விரும்பியபடி மாற்றவும் இயலாது.

சிப் வகைக்குப் பெயர் வைப்பது யார்?

ஆர்ம் நிறுவனம் தன் 64-பிட் வகைக்கு 'ஏஆர்ச்64' என்று பெயரிட்டது. 2012-இல் கெர்னலுக்குள் சேர்க்க வந்தபோது எழுந்த ஆட்சேபத்தின் விளைவாக, லினக்ஸில் அதன் கோப்புறை 'ஆர்ம்64' ஆயிற்று. ஓடும் கெர்னலைப் பெயர் கேட்டாலோ இன்றும் 'ஏஆர்ச்64' என்றே பதில் வரும். டவுன்லோட் பக்கத்தில் இரண்டையும் கண்டு திகைத்த வாசகர்கள் அறிக: இரண்டும் ஒன்றே.

சென்னை சி-டாக் தரும் 'பாஸ்' லினக்ஸ் சுதேசியா?

2007 முதல் வருவது; அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு.

டெபியனில் ரிஸ்க்-ஃபைவ் உண்டா?

2025 ஆகஸ்ட் 9-இல் வெளியான 13-ஆம் பதிப்பு முதல் அதிகாரபூர்வமாக உண்டு.

விக்ரம் 3201 என்ற சுதேசிச் சிப்பு ஆபீசுக்கு ஆகுமா?

ராக்கெட்டுக்குரியது, ஆகாது.

பழைய இன்டெல் கணினியில் லினக்ஸ் போடலாமா?

64-பிட் ஆனால் போடலாம். கஸ்டம்ஸ் தாக்கலுக்குக் கையொப்பமிடும் டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று அதை விற்றவரிடம் முதலில் கேளுங்கள்.