மருந்துச் சீட்டில் எழுதவேண்டிய நடை

பாகூருக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூரில் ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. அதை நடத்துவதற்காக மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. நெல் விளைவித்த குடியானவன் கல்விக்குச் சோறிட்டான் என்பதே இதன் பொருள். அப்படிச் சோறுண்ட கல்வி குடியானவனுக்குத் திருப்பித் தந்தது என்ன என்று கேட்பது நியாயமேயாகும். இக்கேள்விக்குப் புதுச்சேரி வைத்தியப் பேராசிரியர்கள் நம் காலத்தில் அளித்திருக்கும் விடைகளுள் ஒன்றை இங்கே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது ஒரே சொல்லில் அடங்கும்: நடை.

"இதற்கா ஒரு சர்வகலாசாலை? எங்கள் பாட்டியே இதைச் சொல்வாளே!" என்று சிலர் நகைக்கக்கூடும். பாட்டி சொன்னது மெய்தான். ஆனால் எத்தனை நிமிஷம், என்ன வேகம், வாரத்தில் எத்தனை நாள், அதனால் என்ன பலன் என்பதையெல்லாம் பாட்டி சொல்லவில்லை. அளவு தெரியாதவரையில் அது உபதேசம். அளவு தெரிந்துவிட்டால் அதுவே மருந்து. உபதேசத்தை மருந்தாக்கிக் கொடுப்பதற்கே ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது.

லண்டன் பஸ்ஸில் ஒரு பாடம்

இவ்வழியில் உலகத்துக்கு முன்னோடியாக நின்றவர் லண்டன் பேராசிரியர் ஜெரி மாரிஸ். லண்டனில் ஓடும் மாடி பஸ்களை அவர் தம் ஆராய்ச்சிச் சாலையாகக் கொண்டார். பஸ்ஸில் இருவர் வேலை செய்தனர். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார்; கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக ஓயாமல் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே ஊர், ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வாழ்க்கை நிலை. ஆயினும் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இருதய வியாதி குறைவாகவே வந்தது. வந்தபோதும் அவ்வளவு கடுமையாக இல்லை. இம்முடிவு 1953-ல் 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. உடலுழைப்புக்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்வதையே ஆயுட்காலப் பணியாகக் கொண்ட மாரிஸ், 2009-ல் தமது 99-ஆம் வயதில் காலமானார்.

குருசுக்குப்பத்து இளைஞர்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். 1823-ல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய வைத்தியப் பள்ளியின் வழியில் வந்தது ஜிப்மர் வைத்திய ஸ்தாபனம். அதன் சமுதாய மருத்துவத் துறையில் பேராசிரியராக விளங்கியவர் எம். பால சுதர்சனன். முதியோரின் வியாதி என்று நாம் எண்ணியிருக்கும் இரத்தக் கொதிப்பை அவர் இளைஞரிடத்தில் தேடினார். கடலோரத்துக் குருசுக்குப்பத்தில் 2002-ல் 15 முதல் 19 வயதுவரை உள்ளவர்களின் இரத்த அழுத்தத்தை அவருடைய குழுவினர் அளந்தனர். 2006-ல் அதே இளைஞர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் அளந்தனர். பிள்ளைப் பிராயத்தில் உயர்ந்த அழுத்தம் பிற்பாடும் உயர்ந்தே நிற்கும் போக்கு காணப்பட்டது. மரத்தின் கோணல் கன்றிலேயே தெரிந்துவிட்டது. கன்றாயிருக்கும்போதே நிமிர்த்த முடியுமா என்பது அடுத்த கேள்வி.

அதற்கான சோதனையை 2009-ல் வெளியிட்டார்கள். 20 முதல் 25 வயதுவரை உள்ளவர்களில், இரத்த அழுத்தம் உயர்ந்தவர்களும் உயரத் தொடங்கியவர்களுமாக 113 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். முதற்குழுவினர் வழக்கம்போல் இருந்தனர். இரண்டாம் குழுவினர் வாரத்தில் நான்கு நாள், நாளைக்கு 50 முதல் 60 நிமிஷம் வேகமாக நடந்தனர். மூன்றாம் குழுவினர் உப்பைப் பாதியாகக் குறைத்தனர். நான்காம் குழுவினர் வாரத்தில் ஐந்து நாளுக்குக் குறையாமல், தினம் 30 முதல் 45 நிமிஷம் யோகாப்பியாசம் செய்தனர். எட்டு வாரம் கழித்து அளந்து பார்த்தார்கள். நடந்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரி 5.3 மில்லிமீட்டரும், கீழ் அழுத்தம் 6.0 மில்லிமீட்டரும் இறங்கியிருந்தன. உப்பைக் குறைத்தவர்களுக்கு 2.6, 3.7. யோகம் பயின்றவர்களுக்கு 2.0, 2.6. வாளாவிருந்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை.

"நமது யோகத்துக்கா மூன்றாமிடம்?" என்று தேசாபிமானிகள் சிலர் மனம் வருந்தலாம். வருந்த வேண்டியதில்லை. அதே ஜிப்மரில் உடலியல் பேராசிரியராயிருந்த மதன்மோகன் குழுவினர் 27 மாணவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் யோகப் பயிற்சி அளித்து, அதன் பலனை 1992-ல் வெளியிட்டனர். ஒளியைக் கண்டவுடன் கை செயற்படுவதற்குப் பிடிக்கும் நேரம், ஒரு விநாடியில் ஆயிரத்தில் 270 பங்கிலிருந்து 225 பங்காகக் குறைந்தது. சுவாசத்தின் வலிமையும் கூடியது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பலன் உண்டு. அளவுகோல் காட்டியதை ஒளிக்காமல் எழுதிய பேராசிரியர்களின் நேர்மையும் தேசத்துக்குப் பெருமை தருவதுதான்.

"நாங்கள் உழைக்கவில்லையா?"

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமவாசிகள் இப்போது என்னை மறித்துக் கேட்பார்கள்: "நடையும் தேகாப்பியாசமும் பட்டணத்துச் சீமான்களுக்கு. கழனியில் பாடுபடும் எங்களுக்கு எதற்கு ஐயா?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்றம் இறைத்த தோளுக்குப் பதில் இன்று மோட்டார் இறைக்கிறது. ஏர் பின்னால் நடந்த காலுக்குப் பதில் டிராக்டர் நடக்கிறது. உலக்கை பிடித்த கைக்குப் பதில் ஆலை அரைக்கிறது. அடுத்த தெருக் கடைக்கும் மோட்டார் சைக்கிள் வேண்டியிருக்கிறது. இந்தச் சௌகரியங்களைக் குறை கூறுவதற்கில்லை. நம் பாட்டன்மார் பட்ட சிரமம் போதும். ஆனால் யந்திரம் நம்மிடமிருந்து சிரமத்தோடு ஆரோக்கியத்தையும் எடுத்துக்கொண்டு போயிற்று. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட கணக்கின்படி, கிராமத்தாரிலும் சரிபாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. 2023-ல் வெளியான மற்றொரு கணக்கு, புதுச்சேரிப் பிரதேசத்தில் வயது வந்தவர்களுள் நூற்றுக்கு 26.3 பேருக்கு நீரிழிவு என்கிறது. தேசத்தின் சராசரியோ 11.4 தான். நான்கு பேர் உட்கார்ந்த திண்ணையில் ஒருவருக்கு நீரிழிவு!

இந்த வியாதியையும் நடை தடுக்கக்கூடும். சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்றாண்டு கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டனர். சாதாரண ஆலோசனை மாத்திரம் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவை ஒழுங்குபடுத்தி, நடையையும் மேற்கொள்ளும்படி தூண்டப்பட்டவர்களில் 39 பேருக்கே வந்தது.

செய்யவேண்டியது என்ன?

கல்வி தன் பங்கைச் செய்துவிட்டது. வில்லியனூர் கொம்யூன் இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார நிலையம் இருக்கிறது. பாகூர்ப் பக்கத்துப் பிள்ளையார்குப்பத்தில் ஒரு வைத்தியக் கல்லூரியும் அதில் யோக சிகிச்சை நிலையமும் இருக்கின்றன. வைத்தியர்கள் "கொஞ்சம் நடங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பாமல், மாத்திரை எழுதும் அதே சீட்டில் எழுதித் தரவேண்டும்: வேக நடை, 30 நிமிஷம், வாரம் ஐந்து நாள். இந்த 150 நிமிஷமே உலக சுகாதார ஸ்தாபனம் வயது வந்தோருக்கு விதிக்கும் குறைந்த அளவு. வேகத்தை அறியக் கடிகாரம் வேண்டாம். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. ஆனால், நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவது அபாயம். நெஞ்சுவலியோ, காலில் புண்ணோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

உபாத்தியாயன் என்ற முறையில் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை நெருங்கினால் முதலில் பலியாவது தேகப்பயிற்சி வகுப்பு. பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேர உடலுழைப்பு வேண்டுமென்பது அதே ஸ்தாபனத்தின் விதி. கணக்கில் நூறு வாங்கிய பிள்ளை இருபது வயதில் இரத்தக் கொதிப்பும் வாங்கினால் யாருக்கு லாபம்?

எல்லாவற்றிலும் கடினமான பங்கு ஊராருடையது. ஒரு பெண் கையில் குடமோ கூடையோ இல்லாமல் தெருவில் நடந்தால், "எங்கே போகிறாய்?" என்று நாலு பேர் கேட்கிறார்கள். "நடக்கப் போகிறேன்" என்ற பதில் போதாது என்று அவளுக்கும் தெரியும். ஆகவே வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். வைத்தியர் எழுதிய மருந்து கடையில் கிடைக்காவிட்டால் சீட்டினால் என்ன பயன்? இம்மருந்துக்குக் கடை நம் தெருவும் ஏரிக்கரையுமே. அங்கே விளக்குப் போடுவது கொம்யூன் பஞ்சாயத்தின் கடமை. கேள்வி கேட்காமல் வழிவிடுவது நம் எல்லோருடைய கடமை.