வீணை முன்பெருக்கியின் மின்கலம்

வீணை முன்பெருக்கி என்பது, வீணையின் குடத்தில் ஒட்டப்படும் அழுத்தமின் ஒலியுணரி தரும் வலுக்குறைந்த மின்குறிகையை ஒலிபெருக்கிக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் மின்னணுக் கருவி ஆகும். கிதார் கலைஞர்கள் காலால் இயக்கும் எஃபெக்ட் பெடல்களைப் போல, இதுவும் பெரும்பாலும் 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குகிறது. பலா மரத்தால் செய்யப்படும் தஞ்சாவூர் வீணை 2013 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதன் மென்மையான நாதம் பெரிய அரங்குகளில் கடைசி வரிசை வரை எட்டுவதற்கு ஒலியுணரியும் முன்பெருக்கியும் உதவுகின்றன.

பயன்

மின்கலத்துக்கு மின்வலையமைப்புடன் தொடர்பு இல்லை. எனவே தரங்குறைந்த மின்மாற்றிகள் வழியே நுழையும் 50 ஏர்ட்சு இரைச்சல் இதில் எழுவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின் காவிரிப் படுகை ஊர்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய சூழலில் முன்பெருக்கி மட்டும் இயங்கினால் போதாது. ஒலிபெருக்கியும் மின்கலத்தில் இயங்க வேண்டும்.

கணக்கீடு

9 வோல்ட் காரமின்கலம் ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர்-மணி. 5 மில்லி ஆம்பியர் எடுக்கும் முன்பெருக்கியை அது சுமார் 100 மணிநேரம் இயக்கும். 100 மில்லி ஆம்பியர் எடுக்கும் எண்ணிம எதிரொலிக் கருவியை 5 மணிநேரம்கூட இயக்காது. இத்தகைய கருவிகளுக்குப் பவர் பேங்க் ஏற்றது. ஆனால் அதன் 5 வோல்ட்டை 9 வோல்ட்டாக உயர்த்தும் சுற்று தேவை. 9 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர் பெற, 5 வோல்ட்டில் குறைந்தது 180 மில்லி ஆம்பியர் செலவாகும். சுற்றின் இழப்பு இதற்கு மேற்பட்டது.

கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான பெடல்களின் மின்செருகியில் நடுமுனை எதிர்மின் முனையாகும். முனைகள் மாறினால் கருவி பழுதடையக்கூடும். பல கருவிகளில் உள்ளீட்டு வடத்தைச் செருகுவதே மின்சுற்றை மூடுகிறது. ஆகவே கச்சேரி முடிந்ததும் வடத்தைக் கழற்றாவிடில் மின்கலம் வீணே தீர்ந்துவிடும்.