வேகத்துக்குச் சாட்சி யார்?

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நான்குவழிச் சாலையில், மல்லூரிலோ புதுச்சத்திரத்திலோ பேருந்துக்காக நிற்கும்போது, நிற்காமல் கடந்து போகும் தனியார் பேருந்தின் ஏர்ஹார்னைக் கவனித்துக் கேளுங்கள். நெருங்கி வரும்வரை தூக்கலாக ஒலிக்கும் சுருதி, நம்மைத் தாண்டியதும் இறங்கிவிடும். எவ்வளவு இறங்குகிறது என்பதில் பேருந்தின் வேகம் ஒளிந்திருக்கிறது. சங்கீதம் பழகிய காதுக்கு அது சதுச்ருதி ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கியதாகப் பட்டால், அதாவது அதிர்வெண் 9க்கு 8 என்ற விகிதத்தில் குறைந்திருந்தால், பேருந்து மணிக்கு ஏறத்தாழ 74 கிலோமீட்டரில் போயிருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

கணக்கு சரிதான். ஆனால் இதை வைத்து அந்த டிரைவருக்கு ஒரு ரூபாய்கூட அபராதம் போட முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவில் அதைத் தடுத்துவைத்திருக்கிறது. ‘வண்டி அதிவேகமாகப் போனது என்பது என் கருத்து’ என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் நம்பி யாரையும் தண்டிக்கக் கூடாது. அந்த மதிப்பீடு ஓர் இயந்திரக் கருவியிலோ மின்னணுக் கருவியிலோ கிடைத்ததாக இருக்க வேண்டும். இந்த எச்சரிக்கை பழையது. பிரிட்டனின் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்திலேயே, தனியொரு சாட்சியின் அபிப்பிராயம் போதாது என்று எழுதியிருந்தார்கள்.

ஆகவே வேக வழக்கில் உண்மையான சாட்சி ஸ்பீடு கன் என்ற கருவிதான். வழக்கை எதிர்ப்பது என்றால் அந்தக் கருவியைக் குறுக்கு விசாரணை செய்வது. ‘அவசரமாப் போனேன் சார்’, ‘எல்லாரும் அந்த ஸ்பீடுலதான் போறாங்க’ என்பதெல்லாம் நடுவர் நீதிமன்றத்தில் எடுபடாது. இரண்டுமே குற்றத்தை ஒப்புக்கொள்கிற வாக்கியங்கள்.

கருவி செய்வதும் ஏர்ஹார்ன் வேலைதான். ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் சொன்ன தத்துவம் அது. ரேடார் வகைக் கருவிகளில் பல, நொடிக்கு 2,415 கோடி முறை துடிக்கும் அலையை வண்டியின் மேல் ஏவுகின்றன. வண்டியில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் வேகமாகத் துடிக்கும். மணிக்கு 40 கிலோமீட்டரில் எதிரே வரும் காரிலிருந்து திரும்பும் அலையில் கூடுதலாக இருப்பது நொடிக்குச் சுமார் 1,790 துடிப்பு மட்டுமே. மொத்தத் துடிப்பில் இது மிக மெல்லிய பங்கு, ஒன்றேகால் கோடிக்கு மேல் ஒன்று. அதைப் பிடிக்கக் கருவி ஒரு தந்திரம் செய்கிறது. போன அலையையும் வந்த அலையையும் ஒன்றாகக் கலந்து, வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுக்கிறது.

அந்த வித்தியாசம் மனிதக் காதுக்கு எட்டும் எல்லைக்குள் விழுவதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். 1,790 ஹெர்ட்ஸ் என்பது கேட்கக்கூடிய ஒலி. அதனால்தான் இந்தக் கருவியைச் சரிபார்க்கும் பழைய முறை, பள்ளி ஆய்வகத்தில் பார்த்த இசைக்கவைதான். அளவெடுத்துச் செய்த கவையைத் தட்டிக் கருவியின் முன் பிடித்தால், நிற்கிற கவையைப் பார்த்துக் கருவி ‘40’ என்று காட்ட வேண்டும். வேறு எண் காட்டினால் அன்று அதைச் சாலைக்கு எடுத்துப் போகக் கூடாது.

இனி குறுக்கு விசாரணை. ‘சாலையோரத்தில் சாய்வாக நின்று பிடித்தார்கள், அதனால் அளவு தப்பு’ என்று சிலர் வாதாடுவார்கள். சாய்வில் அளவு மாறும் என்பது உண்மை. நிலையாக நிற்கும் கருவி, தன்னை நோக்கி வரும் வேகத்தின் கூறை மட்டுமே அறியும். அது கோணத்தின் கொசைன் மடங்கு. 20 டிகிரி சாய்வில் 60 கிலோமீட்டர் வேகம் 56 ஆகத்தான் தெரியும். நேர்ச்சாலையில் சாய்வு எப்போதும் ஓட்டியவருக்குச் சாதகம். இதை நீதிமன்றத்தில் எழுப்பினால், ‘அப்படியானால் நீங்கள் இன்னும் வேகமாகப் போயிருக்கிறீர்கள்’ என்று பதில் வரும்.

உருப்படியான கேள்வி வேறு: எந்த வண்டியை அளந்தது? ரேடார் கற்றை விரிந்துகொண்டே போகும். 12 டிகிரி விரியும் கற்றை 300 மீட்டரில் 60 மீட்டருக்கு மேல் அகலமாகிவிடும். அதற்குள் முன்னே ஒரு மொபெட்டும் பின்னே ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் வந்தால், கருவிக்குப் பெரிதாகத் தெரிவது ரிக். திரையில் வரும் எண் ரிக்குடையது, படத்தில் விழும் நம்பர் பிளேட் மொபெட்டுடையது என்று ஆகலாம். 1979இல் அமெரிக்காவின் மயாமியில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியில், ரேடார் கருவி ஒரு பனைவகை மரத்துக்கு மணிக்கு 86 மைல் என்றும், ஒரு வீட்டுக்கு 28 மைல் என்றும் வேகம் காட்டியது. அதே ஆண்டு அங்கே நடந்த வழக்கில் நீதிபதி ஆல்ஃபிரட் நெஸ்பிட், ரேடார் அளவின் நம்பகம் ஐயத்துக்கு அப்பால் நிறுவப்படவில்லை என்று கூறி அந்தச் சாட்சியத்தை ஏற்கவில்லை. ரேடார் தத்துவத்தில் குறை இல்லை. கையாண்ட விதமும் அன்றைய கருவிகளின் தரமும்தான் அடிவாங்கின.

லேசர் வகை இந்தச் சிக்கலைப் பெரிதும் தீர்த்தது. அதன் கற்றை 300 மீட்டரில் சுமார் ஒரு மீட்டர்தான். அது டாப்ளரைப் பார்ப்பதில்லை. ஒளித்துடிப்பு போய்த் திரும்பும் நேரத்திலிருந்து தூரத்தை அளந்து, அந்தத் தூரம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று பார்க்கிறது. இதில் வேறொரு ஓட்டை, அதுவும் லாரி ஊரான நாமக்கல் தெரிந்துகொள்ள வேண்டிய ஓட்டை. சாய்வாக நின்று பிடிக்கையில் கை அசைந்து, ஒளிப்புள்ளி லாரியின் பாடி ஓரமாகப் பின்னாலிருந்து முன்னால் வழுக்கினால், வழுக்கிய தூரமும் வேகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு வினாடியின் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மீட்டர் வழுக்கினால் கூடுதலாக மணிக்கு 11 கிலோமீட்டர். தூரம் சீராகக் குறைகிறதா என்று சோதித்து, இல்லையென்றால் அளவையே நிராகரிப்பது நல்ல கருவியின் இலக்கணம்.

இவ்வளவு நுணுக்கமும் பள்ளிப் பகுதியில் ஏன் முக்கியம்? ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளிகள் பல நெடுஞ்சாலையை ஒட்டியே எழும்பியிருக்கின்றன. மணிக்கு 25 கிலோமீட்டரில் வரும் ஓட்டுநர், குழந்தையைப் பார்த்து ஒரு வினாடியில் பிரேக்கை மிதித்தால் பத்துப் பதினோரு மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50இல் வருபவர் பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 14 மீட்டர் ஓடியிருப்பார். முதலாமவர் நின்றுவிட்ட இடத்தை இரண்டாமவர் முழு வேகத்தில் கடக்கிறார்.

அதே சமயம், பள்ளிப் பகுதியிலும் கருவி பொய் சொல்லும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வேகக் கேமராக்கள் பள்ளிப் பகுதிகளிலும் சாலைப்பணி நடக்கும் இடங்களிலும் வைக்கப்பட்டிருந்தன. 25 மைல் வரம்புள்ள இடத்தில் 38 மைலில் போனதாக ஒரு காருக்கு நோட்டீஸ் வந்ததை 2012இல் பால்டிமோர் சன் நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. கேமராவின் சொந்த வீடியோவிலேயே அந்தக் கார் சிவப்பு விளக்கில் அசையாமல் நிற்கிறது.

நம் சட்டத்தில் கேள்வி கேட்க இடம் இருக்கிறதா என்றால், நிறையவே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்ந்த 167ஏ விதிப்படி, கருவிக்கு மாநில அரசு நியமித்த அதிகாரியின் ஒப்புதல் சான்று வேண்டும். கண்காணிப்பு இருக்கிறது என்ற எச்சரிக்கைப் பலகை முன்கூட்டியே தெரிய வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். இ-சலானில் படமும் கருவி காட்டிய அளவும் இருக்க வேண்டும். ரேடார் வேகமானிகளை முத்திரையிட்டுச் சரிபார்க்கும் விதியை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025இல் எடையளவுச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. சந்தைத் தராசுக்கு முத்திரை கேட்கும் அதே சட்டம்.

பலகையையும் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் படம் போட்ட சிவப்பு முக்கோணம் எச்சரிக்கை மட்டுமே. எண் எழுதிய சிவப்பு வட்டம்தான் வேக வரம்பைச் சொல்லும் பலகை. மாநில அரசு 112ஆம் பிரிவின் கீழ் ஓரிடத்துக்கெனத் தனி வரம்பு விதித்தால், அங்கே பலகை வைக்கவும் வேண்டும்.

கார் என்றால் சட்டம் சொல்லும் அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. ஒரு நாள் வேலையை விட்டுக் கோர்ட்டுக்கு அலைவதைவிடக் கட்டிவிடலாம் என்று பலர் கட்டிவிடுவது புரிகிறது. லாரிக்காரர் நிலைமை வேறு. கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை. மறுபடி மாட்டினால் லைசென்ஸையே பிடுங்கிவைக்கலாம் என்பதால் அவருக்கு அது பிழைப்புப் பிரச்சினை. இன்னொன்று: ஒருவர் குறித்துக்கொடுத்த நேரத்தில் போய்ச் சேர வேக வரம்பை மீறாமல் முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த டைமிங்கே அதைக் குறித்தவருக்கு எதிரான முதல்நோக்குச் சாட்சியம் என்கிறது 183இன் நான்காம் உட்பிரிவு. டைமிங்குக்காக ஆலாய்ப் பறக்கும் பேருந்து டிரைவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

நாமக்கல் லாரிக்காரர்களிடம் இன்னோர் ஆயுதமும் இருக்கும்: வண்டியில் பொருத்திய ஜிபிஎஸ். அது பெரும்பாலும் வேகத்தைக் கணக்கிடுவதும் டாப்ளரால்தான், செயற்கைக்கோள் அலையின் துடிப்பு மாறுவதைப் பார்த்து. திறந்த சாலையில் அதன் துல்லியத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதிவு சில வினாடிகளுக்கு ஒருமுறைதான் ஏறும். இரண்டு பதிவுகளுக்கு நடுவே பள்ளியைக் கடந்துவிட்டிருந்தால் அதனால் பயன் இல்லை. அதோடு, ஜிபிஎஸ் பதிவும் மின்னணு ஆவணம்தான். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ், பதிவு திருத்தப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணோடு, போலீஸ் தரும் படத்துக்கு எப்படி வேண்டுமோ அப்படியே லாரி உரிமையாளர் நீட்டும் அந்தப் பதிவுக்கும் வேண்டும்.