புதுக் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ் போடச் சொல்வதற்கு முன்

மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துப் பிழைக்கும் சிறு அச்சகங்கள் பலவற்றில் இன்றைக்கும் பேஜ்மேக்கர்தான் ஓடுகிறது. அடோபி நிறுவனம் பேஜ்மேக்கர் 7-ஐ வெளியிட்டது 2001இல். அதற்கடுத்த பதிப்பு வரவே இல்லை. ஆனால் இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்த மாதிரிகள், குலதெய்வப் படங்கள், வாடிக்கையாளர் குடும்பங்களின் பெயர் வரிசைகள் எல்லாம் அந்தக் கோப்புகளில்தான் கிடக்கின்றன. எழுத்துருக்களோ யூனிகோடுக்கு முந்தியவை. சில மென்பொருள்கள் டாங்கிள் என்ற சாவிக் கருவியைச் செருகாமல் திறக்கவே திறக்காது. இப்படிப்பட்ட கடையில் பழைய சிபியு ஒரு நாள் படுத்துவிட்டால், புதிய பெட்டியை வாங்கிக்கொண்டு முதலாளி சர்வீஸ்காரரிடம் கேட்பது ஒன்றுதான்: "இதுலயும் அந்தப் பழைய விண்டோஸ் செவனையே போட்டுக் குடுத்துருங்க தம்பி."

அவர் அப்படிக் கேட்பதைப் பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன். எடைமேடை வைத்திருப்பவருக்கும், ரத்தப் பரிசோதனைக் கருவியோடு வந்த மென்பொருளை நம்பி லேப் நடத்துபவருக்கும், ஃப்ளெக்ஸ் மெஷின் ஓட்டுபவருக்கும் இதே இக்கட்டு உண்டு. லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய கருவி பழைய விண்டோஸைத்தான் ஏற்கிறது என்றால் அவர் வேறு என்ன கேட்பார்? ஆனால் அப்படிப் போட்டுக் கொடுப்பதில் என்னென்ன ஆபத்து, சட்டம் யாருக்கு என்ன உரிமை தந்திருக்கிறது, வேறு வழி என்ன என்பதெல்லாம் பணம் கைமாறும் முன் பேசப்படுவதே இல்லை. பேச வேண்டும்.

முதலில், பழைய விண்டோஸ் புதிய பெட்டியில் ஏன் ஏறவே மறுக்கிறது என்று பார்ப்போம். விண்டோஸ் 7 வெளியானது 2009 அக்டோபரில். யூ.எஸ்.பி. 3 வகைத் துளைகளை அடையாளம் காணும் டிரைவர் அதற்குள் கிடையாது. 2015இல் இன்டெலின் ஆறாம் தலைமுறைச் சிப்கள் வந்தபோது, பழைய யூ.எஸ்.பி. 2 துளைகளைத் தனியாக இயக்கிவந்த கட்டுப்பாட்டுப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அதனால் விண்டோஸ் 7 நிறுவும் திரை வரும், ஆனால் கீபோர்டும் மவுஸும் அசையாது. இன்றைய பெட்டிகளில் வரும் என்.வி.எம்.இ. ரக எஸ்.எஸ்.டி.யும் அதன் கண்ணுக்குத் தெரியாது; டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். புதிய மதர்போர்டுகளின் செக்யூர் பூட் என்ற காவலும் அதை உள்ளே விடாது. எல்லாம் தாண்டி ஏற்றினாலும், புதிய சிப்களின் கிராபிக்ஸுக்கு அதில் டிரைவர் இல்லாததால் திரை மங்கி, எழுத்துகள் பெரிதாகிப் பல்லிளிக்கும். அதற்கும் முந்தைய விண்டோஸ் எக்ஸ்பியின் கதை இன்னும் மோசம். வழக்கமான 32 பிட் எக்ஸ்பி, 16 ஜிபி ராம் போட்ட பெட்டியிலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

இது தற்செயலாக நேர்ந்ததில்லை. புதிய பிராசஸர்களுக்கு விண்டோஸ் 10 மட்டுமே என்று மைக்ரோசாஃப்ட் 2016 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. 2017இல் இன்டெல் ஏழாம் தலைமுறையிலும் ஏஎம்டி ரைசனிலும் ஓடிய விண்டோஸ் 7-க்கு அப்டேட் வருவதையே நிறுத்தியது. விண்டோஸ் 7-க்கான பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதில் ஓடும் குரோம் உலாவி 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2023 பிப்ரவரிக்குப் பிறகு வந்த எந்தப் பதிப்பும் அதில் ஏறாது. வங்கிக் கணக்கையும் ஜிஎஸ்டி தளத்தையும் அதே உலாவியில் திறக்கிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்தத் தடைகளையெல்லாம் சர்வீஸ்காரர் எப்படித் தாண்டுகிறார்? ஆபத்து தொடங்குவது இங்கேதான். யாரோ ஒருவர் டிரைவர்களைச் செருகி, ஆக்டிவேஷனையும் உடைத்து, இணையத்தில் ஏற்றி வைத்த பிரதியைப் பென் டிரைவில் வைத்திருப்பார். அதைப் போடுவதற்காக செக்யூர் பூட்டை அணைப்பார். உடைத்த கருவி வேலை செய்ய வேண்டும் என்று ஆன்டிவைரஸையும் நிறுத்துவார். அந்தப் பிரதிக்குள் வேறு என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது. நம்பி வந்த கடைக்காரரின் கணக்கும் கடவுச்சொல்லும் அன்று முதல் யார் கையில் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

லேப்டாப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. இன்றைய லேப்டாப்கள் பல டிஸ்க்கைத் தாமாகவே பூட்டி வைத்திருக்கின்றன. அதற்குப் பெயர் பிட்லாக்கர். பயாஸ் அமைப்பைத் தொட்டவுடன் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் பதிந்திருக்கும். கணக்கு எதுவென்றே மறந்துபோனால் உள்ளே இருந்த படங்களும் கோப்புகளும் போனது போனதுதான். லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும் முன் அந்த எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

"என் கடையை யார் வந்து ஹேக் பண்ணப்போறா?" என்று கேட்பவர்கள் 2017 மே 12-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல், ஆள் பார்த்துத் தாக்கவில்லை. ஓட்டை திறந்திருந்த இடமெல்லாம் புகுந்தது. திருமலை திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சில கூட மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே வந்திருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள். இன்று விண்டோஸ் 7-இல் புதிதாக ஓர் ஓட்டை தெரியவந்தால், போடுவதற்குத் திருத்தமே வராது. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கணினிகளையே பணம் பறிக்கும் நிரல் பூட்டிவிட்டு, 1,950 டாலரைக் கிரிப்டோவில் கேட்டது. அரசுக்காவது உதவிக்கு சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனத்தின் நிபுணர்கள் உண்டு. அச்சகத்துக்கு யார் வருவார்கள்?

பெரிய அமைப்புகள் இதைப் புரிந்துகொண்டுதான் நடந்தன. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்ததையொட்டி, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. 2018 ஜூன் 21 அன்று ரிசர்வ் வங்கி, எக்ஸ்பி முதலிய ஆதரவற்ற விண்டோஸில் ஓடும் ஏடிஎம்களை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றிவிட வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது.

இனி உரிமை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தையும் தன்மையையும் அறிந்துகொள்ளும் உரிமையை வாங்குபவருக்குத் தருகிறது. "இந்தப் பெட்டியில் உங்கள் பழைய மென்பொருள் ஓடும்" என்று சொல்லி விற்று, பிறகு ஓடவில்லை என்றால் அது புகாருக்கு உரிய விஷயம். கேட்காமல் டிஸ்க்கை பார்மட் அடித்து உங்கள் கோப்புகளை அழித்தால் அது சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. "கடைக்காக வாங்கியது, நான் நுகர்வோர் ஆக மாட்டேன்" என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது முழு உண்மையில்லை. சுயதொழிலில் தன் வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. ஒற்றை ஆளாக டி.டி.பி. கடை நடத்துபவர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. கம்ப்யூட்டரைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், உசிலம்பட்டியில் வசிப்பவர் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லும், பேசியதற்கான வாட்ஸ்அப் செய்தியும்தான் சாட்சி. அதனால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல், என்ன பதிப்பு, உரிமம் யார் பெயரில், எந்த மென்பொருள் ஓடும் என்று உறுதி தந்தார் என்பதையெல்லாம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

உரிமம் பற்றியும் ஒரு செய்தி. விண்டோஸ் 11 புரோ முன்னரே போடப்பட்டு வந்த பெட்டி என்றால், அதே உரிமத்தில் விண்டோஸ் 10 புரோவுக்கு இறங்கிக்கொள்ள அனுமதி உண்டு. ஹோம் பதிப்புக்கு அந்தச் சலுகை இல்லை. உடைத்த பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம்: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். போட்டுக் கொடுத்தவர் மட்டுமில்லை, கடையில் உட்கார்ந்து அதில் தொழில் செய்பவரும் இதில் வருவார்.

நோயாளியின் பரிசோதனை முடிவுகளையோ வாடிக்கையாளரின் ஆதார் நகலையோ கணினியில் வைத்திருப்பவர்களுக்குப் பொறுப்பு இன்னும் கனமானது. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நியாயமான பாதுகாப்பு செய்யத் தவறினால் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். சிறு லேபுக்கு அத்தனை விதிப்பார்கள் என்று நான் பயமுறுத்த வரவில்லை. ஆனால் திருத்தமே வராத விண்டோஸில் அடுத்தவரின் நோய் விவரத்தை வைத்துக்கொண்டு, "நான் கவனமாகத்தான் இருந்தேன்" என்று எந்த அதிகாரியிடமும் சொல்ல முடியாது.

பழைய மென்பொருளைக் கைவிட முடியாதவர்கள் என்ன செய்வது? என் தீர்ப்பு தெளிவானது: பழைய விண்டோஸ் இருக்கட்டும், ஆனால் இணையம் அதற்கு வேண்டாம். பழைய கம்ப்யூட்டரையே பழுதுபார்த்து, நெட் கேபிளையும் வைஃபையையும் கழற்றிவிட்டு அச்சு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதிய பெட்டிதான் வேண்டுமென்றால் அதில் ஆதரவுள்ள விண்டோஸையோ லினக்ஸையோ போட்டு, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள் வழியாக அதற்குள் ஒரு பொய்க் கணினியை உருவாக்கி, பழைய விண்டோஸை அங்கே ஓட்டலாம். உள்ளே இருப்பதற்கு நெட் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அதற்கும் முறையான உரிமம் தேவை. யூ.எஸ்.பி. டாங்கிளைப் பெரும்பாலும் உள்ளே இணைத்துவிடலாம். பழைய பிரிண்டர் போர்ட் டாங்கிள் என்றால் தயாரித்தவரிடம் மாற்றுக் கேட்பதே வழி. தமிழ்க் கோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக யூனிகோடுக்கு மாற்றத் தொடங்குங்கள். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் தமிழக அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றித் தருகின்றன. மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிட வேண்டும். கோப்புகளின் ஒரு நகலைத் தனி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் செருகியே வைக்காமல் கழற்றி வையுங்கள்.

மேலே சொன்ன விண்டோஸ் 10-ஐயும் ஆதரவுள்ளது என்று எண்ணிவிடாதீர்கள்: அதற்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

இத்தனைக்குப் பிறகும் இணைய மோசடியில் பணம் போய்விட்டால், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். காலதாமதம் திருடனுக்குத்தான் உதவும். வங்கிக்கும் அதே நேரத்தில் எழுத்தில் தெரிவியுங்கள்: ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வகுத்த விதிப்படி, உங்கள் பக்கமும் வங்கிப் பக்கமும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு உங்கள் தலையில் விழாது. உங்கள் கவனக்குறைவு என்று ஆகிவிட்டால், சொல்லும்வரை போன பணத்துக்கு நீங்களே பொறுப்பு.

சர்வீஸ் செய்யும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காகப் பென் டிரைவில் கிடக்கும் பிரதியை ஏற்றிக் கொடுத்துவிடாதீர்கள். ஏறாது என்றால் ஏறாது என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நெட் இல்லாத பழைய பெட்டியோ, விர்ச்சுவல்பாக்ஸோ அமைத்துக் கொடுத்துவிட்டு, அந்த வேலைக்குக் கூலியைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.