கோதுமைக்கு வேவு பார்க்கும் கூட்டம்

நவம்பரில் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் கிளம்பினால் நமக்கு என்ன கவலை? நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா, இல்லையா? அவ்வளவுதான். கோதுமை நோய் ஆய்வாளர்களின் கவலையே வேறு. இந்தப் புயல் நீலகிரியிலிருந்து எதையாவது அள்ளிக்கொண்டு மத்தியப் பிரதேசம் போய்ச் சேர்ந்துவிடுமோ!

சத்தியமாக! அது அள்ளிப்போவது கோதுமையைத் தாக்கும் கருந்துரு என்ற பூசண நோயின் வித்துகளை. உயிருள்ள பயிர் இல்லாவிட்டால் இந்தப் பூசணத்துக்குப் பிழைப்பில்லை. சமவெளியில் அறுவடை முடிந்து வயல் வெயிலில் பொரியும்போது, நீலகிரியிலும் பழனி மலையிலும் எங்காவது ஒரு துண்டு நிலத்தில் கோதுமை பச்சையாக நிற்கும். வெள்ளைக்காரத் துரைமார் மாதிரி துருவும் கோடைக்கு ஊட்டியில் தங்கிவிடுகிறது!

இதைத் துப்புத் துலக்கியவர் ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே.சி. மேத்தா. அமெரிக்காவில் பார்பெரி என்ற முட்செடிதான் துருவுக்கு அடைக்கலம் தருகிறது என்று 1918 முதல் அதை வேரோடு பிடுங்கித் தள்ளினார்கள். நம் நாட்டில் ஆண்டுதோறும் துரு திரும்பி வருவதற்கு அந்தச் செடி காரணமில்லை, மலைகள்தான் காரணம் என்று மேத்தா நிறுவினார். பிறகு 1970-களில் எல்.எம். ஜோஷி, எஸ். நாகராஜன் போன்றோர் வானிலை வரைபடங்களை அலசி, புயல் எங்கே பிறந்து எங்கே கரைந்தால் வித்துகள் மழையோடு மத்திய இந்தியாவில் இறங்கும் என்று விதிகளே வகுத்துவிட்டார்கள்.

நீலகிரியில் மஞ்சள் துருவும் உண்டு. ஆனால் அது வெயில் தாங்காத சுகவாசி. தக்காணத்துச் சூட்டைத் தாண்ட முடியாமல் மலையிலேயே மாட்டிக்கொண்டது. பஞ்சாபைப் படுத்துவது இமயமலைப் பக்கத்து மஞ்சள் துரு.

குன்னூரை அடுத்த வெலிங்டனில் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் துருவைக் கண்டு அலறுவார்கள்; இங்கே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறைதான்! நோய்க்குச் சட்டென்று விழும் ரகத்தைத் தேடிப்பிடித்து வரிசையாக விதைத்து, துரு பரவ வழிசெய்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் புது ரகங்களில் எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள். ரவைக்கும் பாயசத்துக்கும் நாம் வாங்கும் சம்பா கோதுமை வகையில் ‘எச்.டபிள்யூ 1098’, அதாவது ‘நீலகிரி கப்ளி’, இங்கே பிறந்ததுதான். மலைக் கோதுமையே துருவை ஏற்காவிட்டால் அது கோடையை எங்கே கழிக்கும்? என்ன குறும்பான யோசனை!

இனி வயல் வேவு. பெரிய கருவிகளை எதிர்பார்க்காதீர்கள். கண், விரல், ஒரு வெள்ளைக் கைக்குட்டை. இலை மஞ்சளாகிவிட்டதா? தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், தண்ணீர் தேங்கியிருக்கலாம். இலையைத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் பொடி ஒட்டினால் துரு. நோய் முற்றிய வயலில் நடந்து வந்தால் பேன்ட்டே மஞ்சளாகிவிடும்.

அடுத்தது மதிப்பெண். குறிப்பேட்டில் ‘40எஸ்’ என்று எழுதினால், நோயின் அளவு 40, ரகம் அதற்கு எளிதில் இரையாகக்கூடியது என்று அர்த்தம். இதில் எனக்கு மிகவும் பிடித்த கிறுக்குத்தனம் ஒன்று உண்டு. இலைப் பரப்பில் 37 சதவீதத்தைக் கொப்புளம் பிடித்துவிட்டால் 100 போட்டுவிட வேண்டும்! அதற்கு மேல் கொப்புளத்துக்கு இடமில்லை என்று கணக்கு.

நோயுற்ற இலைகள் காகித உறைக்குள் (பிளாஸ்டிக் பை கூடாது, அழுகிவிடும்) சிம்லாவின் ஃபிளவர்டேல் நிலையத்துக்குப் பயணமாகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட துரு இனங்களை உயிரோடு காத்துவரும் இடம் அது. வந்த துருவை வகைவகையான கோதுமை நாற்றுகளில் ஏற்றி, இரண்டு வாரம் கழித்துப் படிக்கிறார்கள். கொழுத்த கொப்புளம் என்றால் 4. செடி ஜெயித்தால் அரைப்புள்ளி, ஆமாம், நிஜமாகவே ‘;’! துரு நுழைந்த இடத்துச் செல்களைச் செடி தானே கொன்று அதைப் பட்டினி போட்டதன் அடையாளம், இலையில் ஒரு சின்னப் பொட்டு. நேற்றுவரை அரைப்புள்ளி வாங்கிய ரகம் திடீரென்று 4 வாங்கினால் புதிய துரு இனம் கிளம்பிவிட்டது என்று பொருள். எந்த வட்டாரத்துக்கு எந்த விதை என்ற சிபாரிசுப் பட்டியலையே மறுபடி எழுத வேண்டிவரும்.