பேரிடரும் உளத்தாங்குதிறனும்: அரசு ஆய்வுகளின் அளவுகோல்கள்

முன்னுரை

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய மேடவாக்கம் சுற்றுப்பகுதிகளை நீர் சூழ்ந்தது. தமிழக அரசு, குடிசை இழந்தோர்க்கு 10,000 ரூபாயும் வெள்ளம் புகுந்த பிற வீட்டினர்க்கு 5,000 ரூபாயும் வழங்கியது. இங்கு அளவுகோல் வீடு. உளத்துயரை அரசுகள் எவ்வாறு அளந்துள்ளன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஹல் ஆய்வு

இரண்டாம் உலகப்போரின்போது, பிரித்தானிய உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்திற்காகச் சாலி சக்கர்மனும் ஜே.டி. பெர்னாலும் ஹல், பர்மிங்காம் நகரங்களில் குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய்ந்தனர். ஹல் பள்ளிச் சிறார் எழுதிய அனுபவக் கட்டுரைகளும் தரவுகளாயின. மக்களின் மனவுறுதி குலையவில்லை என 1942 ஏப்ரல் அறிக்கை கூறியது. ஆயின், அது நிறைவுறுமுன்னரே, மார்ச் 30 அன்று, செர்வெல் பிரபு ஹல் நகரைச் சான்றுகாட்டி, வீடிழப்பே மனவுறுதியை மிகவும் சிதைக்கும் எனச் சர்ச்சிலுக்கு எழுதினார்; ஜெர்மானியக் குடியிருப்புகளைத் தகர்ப்பதற்கு அது வாதமாயிற்று. துயரை அறியத் திரட்டிய தரவு, துயரை விளைவிக்கவும் பயன்பட்டது.

போபால் ஆய்வு

1984 டிசம்பர் நச்சுவாயுக் கசிவிற்குப்பின், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உளநல ஆய்வுகளுக்கு ஆதரவளித்தது. 10 மருத்துவ நிலையங்களில் ஆராயப்பெற்ற 855 பேருள் 193 பேர்க்கு (22.6%) உளநோய் கண்டறியப்பட்டது, அவருள் பெரும்பாலோர் பெண்கள். இவ்வெண்ணிக்கை நிலையத்தை நாடி வந்தோரை மட்டுமே குறிக்கும். எனினும் விளைவு ஆக்கமானது: பொது மருத்துவர்க்கு உளநலப் பயிற்சி அளிக்கப்பட்டது. இத்தகைய பட்டறிவின் தொடர்ச்சியாகவே, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009இல் உளசமூக ஆதரவிற்கான நெறிமுறைகளை வெளியிட்டது.

பெரும்பாக்கம்

2015 வெள்ளத்திற்குப்பின், அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, மேடவாக்கத்தை அடுத்த பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மறுகுடியமர்த்தப்பட்டன. வீட்டைக் கணக்கிடும் அளவுகோலின்படி இவர்கள் மீண்டவர்கள். ஆனால் கடன் கொடுத்த அண்டைவீட்டார், நடந்துசென்ற வேலையிடம், பிள்ளைகளின் பள்ளி ஆகியன தொலைவாயின. பேரிடரைத் தாங்க உதவிய உறவுகளே மறுவாழ்வில் அறுபடுகையில், அவ்விழப்பு எப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

முடிவுரை

'இடுக்கண் அழியாமை' எனத் திருக்குறள் தனி அதிகாரமே வகுத்துள்ளது. ஆங்கு அது தனிமனிதர் போற்றும் பண்பு. அரசறிக்கையில் அதுவே 'மக்கள் தாங்கிக்கொண்டனர்' என்னும் முடிவாகும்போது, உதவியைக் குறைப்பதற்கான காரணமாகவும் மாறக்கூடும். எனவே மக்கள் தாங்கினரா என்பதோடு, எவற்றின் துணையால் தாங்கினர், அவை இன்று எஞ்சியுள்ளனவா என்பனவும் ஆராயப்படல் வேண்டும்.