கலிங்கை மறித்த கம்பித்தட்டி

1889 மே 31 காலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சவுத் ஃபோர்க் என்னும் இடத்தில் இருந்த மண் அணையின் மேல் ஆட்கள் மண்வெட்டியும் ஏருமாக நின்று கரையை உயர்த்தப் போராடிக்கொண்டிருந்தார்கள். இரவெல்லாம் கொட்டிய மழையில் ஏரி கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. வேறு சிலர் மறுகோடியில் புதுக் கால்வாய் வெட்ட முயன்றார்கள். கொஞ்சம் தோண்டியதும் பாறை தட்டியது. பிற்பகல் 3 மணி அளவில் கரை போய்விட்டது. சுமார் 1.45 கோடி கன மீட்டர் தண்ணீர் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, சுமார் ஒரு மணி நேரத்தில், 14 மைல் தொலைவில் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரை அடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர்.

அந்த அணை ஒரு தனியார் மன்றத்தின் சொத்து. பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வந்தர்கள் கோடையில் வந்து தங்கவும், படகு விடவும், தூண்டில் போடவும் வைத்திருந்த ஏரி அது. தொழிலதிபர்கள் ஆண்ட்ரூ கார்னகியும் ஹென்றி ஃப்ரிக்கும் அந்த மன்றத்தின் உறுப்பினர்கள்.

மண் அணை எப்படி நிற்கிறது என்று தெரிந்தால்தான் அங்கே நடந்தது புரியும். ஏரிக்கரை பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிது. தண்ணீரைத் தடுப்பது மண்ணின் எடையும் இறுக்கமும். நடுவே நன்றாக மிதித்து இறுக்கிய களிமண், இரு புறமும் சரிவாக மண்ணும் கல்லும். தண்ணீர் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவே இல்லாத மண் கரை கிடையாது. நீர் கரைக்குள் மெல்ல நடந்து, மறுபக்கம் கரையடியில் தெளிவாக வெளியேறும்வரை கவலையில்லை. அதே கசிவு மண்துகளை இழுத்துக்கொண்டு வரத் தொடங்கினால், வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி ஒரு குழாய் போலத் துளை வளரும். அது ஏரியைத் தொடும் நாளில் கரை உடையும்.

இது உள்ளிருந்து வரும் ஆபத்து. மேலிருந்து வருவது இன்னும் வேகமானது. கான்கிரீட் அணையின் தலைக்கு மேல் வெள்ளம் வழிந்தாலும் பெரும்பாலும் அது தாங்கிக்கொள்ளும். மண் கரைக்கு அந்தத் திறன் இல்லை. வழிந்த நீர் வெளிச்சரிவை அரித்து வாய்க்காலாக்கி, அந்த வாய்க்காலை அகலமாக்கி, சில மணி நேரத்தில் கரையையே தின்றுவிடும். ஆகவேதான் கரைத்தலையை விடத் தாழ்வாக, பக்கத்தில் ஒரு கலிங்கு. அடியில் ஒரு மதகு. உபரி நீருக்குக் கலிங்கு, ஏரியை இறக்கி மராமத்து பார்க்க மதகு. மண் அணையின் உயிர் இந்த இரண்டு வாசல்களில்தான் இருக்கிறது.

சவுத் ஃபோர்க்கில் இரண்டுமே பறிபோயின. அரசு கால்வாய்ப் போக்குவரத்துக்காகக் கட்டிய அந்த அணையின் அடியில் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இருந்தன. பின்னாளில் கைமாறியபோது ஓர் உரிமையாளர் அவற்றைப் பெயர்த்து இரும்பு விலைக்கு விற்றுவிட்டார். 1879இல் வாங்கிய மன்றம் குழாய்களைத் திரும்பப் பதிக்கவில்லை. குதிரை வண்டிகள் கடந்துபோக வசதியாகக் கரையின் தலையைத் தாழ்த்தினார்கள். காசு கொடுத்து வாங்கி ஏரியில் விட்ட பாஸ் மீன்கள் தப்பிவிடாதபடி கலிங்கின் குறுக்கே கம்பித்தட்டி வைத்தார்கள். வெள்ளத்தன்று கிளைகளும் சருகும் அந்தத் தட்டியை அடைத்துக்கொண்டன. எடுத்துவிடலாம் என்று கை வைத்தபோது நேரம் கடந்திருந்தது.

எச்சரிக்கை வராமலும் இல்லை. ஜான்ஸ்டவுன் இரும்பாலையின் தலைவர் டேனியல் மோரல் 1880இல் தன் பொறியாளர் ஜான் ஃபுல்டனை அனுப்பி அணையைப் பார்க்கச் செய்தார். வெளியேற்றும் குழாய் இல்லை, முன்பு கரை உடைந்த இடம் சரியாக அடைக்கப்படவில்லை என்றார் ஃபுல்டன். செலவில் பங்கு தருகிறேன் என்றுகூட மோரல் சொன்னார். மன்றம் ஏற்கவில்லை. என் மனத்தை அறுப்பது இந்த இடம்தான். மீன், வண்டிப்பாதை, ததும்பும் ஏரியின் அழகு என்று ஒவ்வொரு ஆசையும் தனித்தனியே பார்த்தால் குற்றமற்றது. ஆனால் அத்தனையும் தண்ணீரின் வாசலில் வந்து நின்றன.

அது பழைய காலம் என்று ஒதுக்க முடியாது. 1977 நவம்பர் 6 நள்ளிரவுக்குப் பின், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்து, கீழே தூங்கிக்கொண்டிருந்த 39 பேர் இறந்தார்கள். மின்சாரத்துக்காக எழுந்த அணை அது. 1957இல் மின் உற்பத்தி நின்ற பிறகு பொழுதுபோக்குக்கான ஏரியாக மட்டும் இருந்தது. வெளிச்சரிவு செங்குத்தாக இருந்தது, மேலே மரங்கள் வளர்ந்திருந்தன. அதன் பிறகே, ஐந்தாண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் தூங்கிய அணைப் பரிசோதனைத் திட்டம் அதிபர் கார்ட்டரின் ஆணையால் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் பதிவான அணைகளில் பாதிக்கு மேல் இன்றும் தனியாருடையவை.

சொந்த ஏரியில் நீந்துவதும் படகு விடுவதும் தவறே இல்லை. கலிங்கு வழியும்போது அதன் அருகே நீந்தக் கூடாது, மதகு திறந்திருக்கையில் அதன் வாயை நெருங்கக் கூடாது. இழுப்பு வெளியே தெரியாது. கரைமேல் வண்டி ஓட்டினால் தடம் பள்ளமாகும், மழைநீர் முதலில் அங்கேதான் வழி தேடும். நிழலுக்காகக் கரையில் மரம் வைக்கவே கூடாது: பட்டுப்போன மரத்தின் வேர் மட்கிய இடம் தண்ணீருக்குப் பாதை. எலி, பெருச்சாளி போன்ற வளை தோண்டும் பிராணிகளின் பொந்துகளும் அப்படித்தான். ஏரியை இறக்க வேண்டுமென்றால் மெதுவாக இறக்க வேண்டும். சட்டென்று வடித்தால் நீர் ஊறிக் கனத்த உட்சரிவு தாங்கலின்றிச் சரியும்.

கரையில் புல் போதும். அதையும் குட்டையாக வெட்டி வைத்தால்தான் ஈரத் திட்டு கண்ணில் படும். அப்படி ஒரு கசிவைக் கண்டால் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அசையாமல் ஓரிடத்தில் வைத்து, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். அடியில் வண்டல் படிந்திருந்தால் அன்றே பொறியாளரைக் கூப்பிடுங்கள், கீழே வீடுள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.